வால்வு கம்ப்ரஸரும் திருவொற்றியூர் புல்லட்டும்: பழைய கருவிகளின் மறுவாக்கம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

பாடுகிறவர் குரல் ஒரு வரியில் ஓங்கும், அடுத்த வரியில் ஒடுங்கும். ஓங்கும்போது தானே தணித்து, ஒடுங்கும்போது தானே விட்டுக்கொடுத்து, கேட்பவர் காதுக்கு ஒரே நெருக்கத்தில் குரலை நிறுத்தும் மின்கருவிதான் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் கம்ப்ரஸர் என்று அறியப்படுகிறது. 1950களிலும் 1960களிலும் வால்வுகளால் செய்யப்பட்ட இக்கருவிகள், டிரான்ஸிஸ்டர் வந்ததும் ஓரங்கட்டப்பட்டன. பின்னர், விட்ட இடத்திலிருந்து தேடல் தொடங்கியது. அதே முகப்பு, அதே குமிழ்கள், அதே வால்வுகள் என்று அறிவித்துப் பல நாடுகளின் நிறுவனங்கள் இன்று அவற்றை மறுபடி செய்து விற்கின்றன.

இந்த மறுவாக்கத்தில் எது காப்பாற்றப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சுற்று வரைபடமா, அதில் பொருத்தப்படும் பாகமா, கருவியின் அடிப்படைத் தத்துவமா? இக்கேள்விக்கு விடை தேட ஒலித்துறைக்குள் மட்டும் சுற்றிவந்தால் போதாது. வடசென்னையில், திருவொற்றியூரில், ஒரு பழைய ஆங்கிலேயக் கருவியை அதைப் பிறப்பித்த ஊர் கைவிட்ட பின்பும் விடாமல் செய்துகொண்டிருந்த ஒரு தொழிற்சாலை இருக்கிறது. என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் வரலாற்றை வால்வு கம்ப்ரஸரின் வரலாற்றுக்கு எதிரில் நிறுத்திப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: பாகத்தைச் செய்யும் கைத்தொழில் அறுந்துபோனால் வரைபடம் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும் கருவி திரும்பி வருவதில்லை.

2. இரண்டு மூலக்கருவிகள்

வால்வு கம்ப்ரஸர் ஸ்டூடியோவுக்காகப் பிறந்ததல்ல. வானொலி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஒலி ஓர் அளவைத் தாண்டினால் ஒலிபரப்பு கரகரக்கும், பக்கத்து அலைவரிசையையும் கெடுக்கும். அதைத் தடுக்கவே 1930களில் கம்ப்ரஸரின் முன்னோடிகளான முதல் லிமிட்டர்கள் வந்தன. திரைப்படத்துறைக்கும் இதே தேவை இருந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒளியால் பதிக்கப்படும் ஒலிக்கோட்டுக்கு அகலம் குறைவு. எல்லை மீறிய குரல் அங்கே சிதைந்தே பதியும். சென்னை ஸ்டூடியோக்களின் பழைய படங்களில் ஆர்சிஏ, வெஸ்ட்ரெக்ஸ் ஒலிமுறைகளின் பெயரை எழுத்தோட்டத்திலேயே காணலாம். கருவியின் துணை குறைவாக இருந்த காலத்தில் பாடகர்களே அந்த வேலையைச் செய்தார்கள். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது மைக்கை விட்டுச் சற்று விலகுவதும், மெல்லப் பாடும்போது நெருங்குவதும் அவர்கள் கற்றுத் தேர்ந்த கலை.

மறுவாக்கம் செய்பவர்கள் மீண்டும் மீண்டும் திரும்பும் மூலக்கருவிகள் பல இருந்தாலும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றின் சிக்கல்கள் பெரும்பாலும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும்.

முதலாவது, ஃபேர்சைல்ட் 660, 670. எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரைன் நார்மா என்ற பொறியாளரின் வடிவமைப்பு. 660 ஒற்றை வழி, 670 ஸ்டீரியோ. இசைத்தட்டு வெட்டும் இடத்துக்காகச் செய்யப்பட்ட 670இல் 20 வால்வுகளும் பத்துக்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர்களும் உண்டு. எடை ஏறக்குறைய 30 கிலோ. இங்கே ஒலியைத் தணிப்பது வால்வேதான். 6386 என்ற இரட்டை டிரையோடு வால்வின் கிரிட் கம்பி சீரற்ற இடைவெளியில் சுற்றப்பட்டிருக்கும். கிரிட்டில் எதிர்மின்னழுத்தம் கூடக்கூட, நெருக்கமாகச் சுற்றிய பகுதி முதலில் மின்னோட்டத்தை நிறுத்தும். அகன்ற பகுதி இன்னும் விட்டுக்கொண்டிருக்கும். எனவே பெருக்கம் வெட்டினாற்போல் நிற்காமல் படிப்படியாகக் குறைகிறது. ரேடியோப் பெருக்கிகளில் தானியங்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்த இந்தக் குணத்தை நார்மா குரலுக்குத் திருப்பிவிட்டார். ஒரு வழிக்கு 4 வீதம் 670இல் 8 வால்வுகள் இந்த வேலைக்கே. ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும் இரு பக்கமும் மிகச் சரியாக இணை சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒலியில் கசிந்து, ஒவ்வொரு தணிப்பின்போதும் ‘தொம்’ என்று கேட்கும்.

இரண்டாவது, டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஜிம் லாரன்ஸ் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. முகப்பில் இரண்டே பெரிய குமிழ்கள்: ஒன்று எவ்வளவு தணிப்பது, மற்றொன்று எவ்வளவு ஏற்றுவது. 12ஏஎக்ஸ்7 இரண்டு, 12பிஎச்7 ஒன்று, 6ஏக்யூ5 ஒன்று என்று நான்கு வால்வுகள். ஆனால் ஒலியைத் தணிப்பது இந்த நான்கில் எதுவும் அல்ல. டி4 எனப்படும் மூடிய சிறு கூட்டுக்குள் மின்சாரம் பட்டால் ஒளிரும் தகடு ஒன்றும், காட்மியம் சல்ஃபைடாலான ஒளியுணர் மின்தடைகளும் எதிரெதிரே இருக்கின்றன. ஒலி ஓங்கினால் 6ஏக்யூ5 அந்தத் தகட்டை ஒளிரச் செய்யும். ஒளி பட்டதும் மின்தடை இறங்கி, ஒலியின் ஒரு பங்கைத் தரைக்கு வழித்துவிடும். தணிக்கத் தொடங்கச் சுமார் 10 மில்லி விநாடி. விடும்போது பாதியளவை ஏறத்தாழ 60 மில்லி விநாடியில் விட்டு, மிச்சத்தை அரை விநாடி முதல் பல விநாடிகள் வரை மெல்ல மெல்ல விடுகிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதை அந்த உணர்வுப்பொருள் நினைவில் வைத்துக்கொள்வதுதான் காரணம். பாடகர் மூச்சு வாங்கித் திரும்பும் வேகத்துக்கு இது இயல்பாக ஒத்துவருகிறது. எல்ஏ-2ஏ குரலுக்கே உரிய கருவியாக நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

இரண்டையும் ‘வால்வு கம்ப்ரஸர்’ என்றே சந்தை அழைக்கிறது. ஆனால் ஒன்றின் உயிர் வால்வில், மற்றொன்றின் உயிர் ஒளிக்கூட்டில். மறுவாக்கம் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்தால் ஆய்வு தடம் மாறிவிடும்.

3. அறுந்த இழைகள்

டெலிட்ரானிக்ஸ் 1960களின் நடுவில் கைமாறி, சில ஆண்டுகளில் யுனிவர்சல் ஆடியோவைத் தொடங்கிய பில் புட்னமின் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 1969இல் வால்வே இல்லாத எல்ஏ-3ஏ வந்தது. ஃபேர்சைல்டின் உற்பத்தி எண்ணிக்கை தொடக்கத்திலிருந்தே குறைவு. கருவியை நிறுத்தியதோடு முடியவில்லை. கருவிக்குப் பாகம் செய்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். அமெரிக்காவின் பெரிய வால்வு ஆலைகள் மூடப்பட்டன. ஜெனரல் எலக்ட்ரிக் செய்த 6386 பழைய கிடங்குகளில் மட்டும் கிடைக்கும் பொருளானது. இணை சேர்ந்த எட்டு வால்வுகளைத் தேடி எடுப்பது ஒரு சிறு செல்வத்தைச் செலவழிக்கும் வேலையாகிவிட்டது.

இந்தியாவிலும் இதே கதை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களில் பெங்களூரில் ரேடியோ வால்வுகளைச் செய்தது. ஸ்டூடியோ உலகில் 12ஏஎக்ஸ்7 என்று அறியப்படும் வால்வு, ஈசிசி83 என்ற ஐரோப்பியப் பெயரில் அந்நிறுவனத்தின் முத்திரையோடு வந்தது. நம் வீட்டு வால்வு ரேடியோக்களிலும் மைக் செட்காரர்களின் ஆம்ப்ளிஃபயர்களிலும் எரிந்தவை இந்த வகை வால்வுகளே. அந்த உற்பத்தியும் நின்றுபோனது. மிஞ்சியதைச் சேகரிப்பவர்கள் இன்று தேடித்தேடி வாங்குகிறார்கள்.

1999இல் புட்னமின் மகன்கள் யுனிவர்சல் ஆடியோவை மீண்டும் தொடங்கி, தந்தை காலத்துக் கருவிகளை மறுபடி செய்யத் துணிந்தபோது, எல்ஏ-2ஏயின் கடினமான இடம் டி4 கூடாகவே இருந்தது. வரைபடம் கையில் இருந்தது. வால்வுகளைக் கிழக்கு ஐரோப்பாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் வாங்க முடிந்தது. ஒளிரும் தகடும் உணர்வுப்பொருளும் ஒன்றோடொன்று இசையும் அந்த மெதுவான விடுவிப்பை வரைபடத்தில் எங்கும் எழுதிவைக்க முடியாது. கூட்டைச் செய்து, சோதித்து, பொருந்தாததை ஒதுக்கி, மறுபடி செய்து பார்த்துத்தான் அதை எட்ட வேண்டும்.

ஃபேர்சைல்டுக்கு நேர்ந்தது இன்னும் தெளிவான சான்று. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே எலக்ட்ரானிக் 6386க்கு இணையான புதிய வால்வை உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் 670ஐ மறுபடி செய்ய நினைத்த சிறு நிறுவனங்களுக்கு நம்பகமான வழி திறந்தது. ஒரு கருவியின் மறுபிறப்பை நிர்ணயித்தது கருவி செய்பவர் அல்ல, வால்வு செய்பவர்.

வேறொரு வழியும் உண்டு. பழைய தத்துவத்தை வைத்துக்கொண்டு, கிடைக்கும் பாகத்துக்கேற்ப வடிவமைப்பை மாற்றுவது. அமெரிக்காவின் மேன்லி நிறுவனத்தின் வேரியபிள் மியூ எளிதில் கிடைக்கும் வேறு வால்வுகளைக் கொண்டு நார்மாவின் எண்ணத்தைத் தொடர்ந்தது. டென்மார்க்கின் டியூப்-டெக் ஒளித்தணிப்பு முறையைத் தன் வழியில் அமைத்துக்கொண்டது. இவை நகல்கள் அல்ல, வாரிசுகள். நகலைவிட வாரிசுக்கே நீண்ட ஆயுள் என்பது என் கணிப்பு. மென்பொருள் நகல்களை இக்கட்டுரை தொடவில்லை. அங்கே பாகம் என்ற சிக்கலே எழுவதில்லை.

4. திருவொற்றியூரின் சான்று

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவத்துக்குத் தேவைப்பட்ட 350 சிசி புல்லட்டுகளே தொடக்கம். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் வாங்கப்பட்டன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வரைபடம் முதலில் வந்துவிட்டது. ஆனால் திருவொற்றியூர் புல்லட்டைத் தனதாக்கியது 1957இல் வந்த அச்சுகளாலும், அவற்றை வைத்து வார்ப்பு, கடைசல், கியர் வெட்டு என்று ஒவ்வொன்றையும் கற்ற தொழிலாளர்களாலும். 1970களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு முடிந்துபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977இல் அதே புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. பிறந்த ஊரில் மறைந்த பொருளை வளர்ந்த ஊர் திருப்பி அனுப்பிய அந்த நிகழ்வைப் பற்றி வடசென்னை இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை.

புல்லட் மறுவாக்கம் அல்ல, தொடர்ச்சி. அதில் மாற்றம் இல்லாமல் இல்லை. 12 வோல்ட் வந்தது, எலக்ட்ரிக் ஸ்டார்ட் வந்தது, வலக்கால் கியர் இடக்காலுக்கு மாறியது. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த கைகளின் வழியாகவே நிகழ்ந்தது. ஒரு போல்ட்டின் இறுக்கம் எவ்வளவு, ஒரு வார்ப்பில் எங்கே குழி விழும் என்பதை அறிந்தவர்கள் எப்போதும் பணியிலேயே இருந்தார்கள். தொழிற்சாலைக்கு வெளியே புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் உதிரிபாகம் கிடைத்தது. தெருமுனை மெக்கானிக்குக்குக் காதால் கேட்டே கோளாறு தெரிந்தது.

அதே நிறுவனம் 2018இல் கொண்டுவந்த இன்டர்செப்டர் 650, இதற்கு நேர்மாறான வகை. 1960களின் பெயரும் இரட்டைச் சிலிண்டர் அமைப்பும் தோற்றமும் திரும்பின. எஞ்சின் முற்றிலும் புதிது. மேன்லியின் வேரியபிள் மியூவைப் போல இதுவும் வாரிசுதான். ஒரே நிறுவனத்திடம் தொடர்ச்சியும் வாரிசும் இருப்பதால், மறுவாக்கத்தை ஆராய்பவருக்கு இந்த நிறுவனத்தைவிட நல்ல ஒப்பீட்டுக் களம் கிடைப்பது அரிது.

5. சட்டம் மாற்றும் கருவி

இரு வரலாறுகளும் ஓரிடத்தில் வியக்கத்தக்க வகையில் சந்திக்கின்றன. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் எஞ்சின், புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதால் 2000களின் இறுதியில் வழிவிட நேர்ந்தது. ஒளிக்கூட்டில் உள்ள காட்மியம் நச்சுப்பொருள். மின்சாதனங்களில் அதன் பயன்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியது. தொழில்முறை ஒலிக்கருவிகளின் ஒளியுணர் மின்தடைக்குக் கொஞ்ச காலம் விலக்கு தந்து, பிறகு அதையும் முடித்தது.

இவ்விதிகள் தேவையானவை. மாசுபட்ட எண்ணூர்க் கழிமுகத்தையும் மணலியின் காற்றையும் அறிந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். கருவிமேல் உள்ள பற்றுக்காகக் காட்மியத்துக்கு வக்காலத்து வாங்குவது நேர்மையல்ல. காட்மியம் இல்லாமல் அதே மெதுவான விடுவிப்பைத் தரும் கூட்டைக் கண்டடைவதே மறுவாக்கத்தின் அடுத்த உண்மையான பணி.

6. கடற்காற்றும் கரண்டும்

பழைய அமெரிக்கக் கருவியை அப்படியே கொண்டுவந்து ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு ஸ்டூடியோவில் வைத்தால் என்ன ஆகும்? அது அமெரிக்காவின் 60 சுழற்சி மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டை இறக்கலாம், சுழற்சி இறங்காது. அதே வோல்ட்டில் 60க்குப் பதில் 50 என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பில் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சிக்கனமாகச் செய்யப்பட்ட கோர் என்றால் சூடேறி முனகத் தொடங்கும். வால்வின் ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கு உரியது. சப்ளை பத்து விழுக்காடு ஏறினால் அங்கே 6.9 வோல்ட் போகும், வால்வின் ஆயுள் குறையும். 230 வோல்ட், 50 சுழற்சிக்கென்றே செய்யப்பட்ட மறுவாக்கக் கருவி இந்த ஓர் இடத்தில் மூலத்தைவிடச் சந்தேகத்துக்கு இடமின்றி மேலானது.

உப்புக்காற்று அடுத்த சோதனை. குமிழ்களின் உள்தொடர்பும் வால்வு சாக்கெட்டின் பிடியும் கடலோரத்தில் விரைவில் கறுக்கும். எல்ஏ-2ஏயின் ஒளிரும் தகட்டுக்கு ஈரப்பதமே பெரிய எதிரி. ஈரம் புகுந்தால் ஒளி மங்கும். ஒளி மங்கினால் தணிப்பு குறையும். குமிழ் அதே இடத்தில் இருக்க, குரல் மட்டும் கட்டுக்குள் நிற்காது. காற்றுப்புகாத கூடு இங்கே அழகுக்கல்ல, அவசியத்துக்கு.

7. கானாவும் காலமும்

வடசென்னையின் குரலென்றால் கானா. சாவு வீட்டில் இரவு முழுக்க, தெருவின் இரைச்சலுக்கு நடுவே, டோலக்கோ சட்டியோ துணையாகத் திறந்த தொண்டையில் பாடி வளர்ந்த இசை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு அதைப் பெருமேடைக்குக் கொண்டுவந்த பிறகு, கானாவை ஸ்டூடியோவில் எப்படிப் பதிவது என்பது தீவிரமான தொழில்நுட்பக் கேள்வியாகிவிட்டது.

கானாவில் சொல்தான் தாளத்தைத் தாங்குகிறது. வல்லின மெய்கள், அதிலும் இரட்டித்து வருபவை, அடிபோல் விழுகின்றன. டகரமோ பகரமோ வெடித்து விடுபடும் கணம் சில மில்லி விநாடிகளே. எல்ஏ-2ஏ தணிக்கத் தொடங்க 10 மில்லி விநாடி எடுப்பதால் அந்த வெடிப்பு முழுதாகக் கடந்துபோகும். பின்வரும் உயிரோசை மட்டும் தணியும். சொல்லின் முனை மழுங்காது. ஃபேர்சைல்ட் 670இன் வேகமான நிலையில் தொடக்கநேரம் 0.2 மில்லி விநாடி. அது வெடிப்பையே பிடித்துவிடும். அதே கானா அங்கே வழவழப்பாகிவிடும். எது சரி என்பது பாட்டைப் பொறுத்தது. தாளத்தோடு மல்லுக்கு நிற்கும் பாட்டுக்கு முதல் கருவியையே பரிந்துரைப்பேன்.

குரலும் டோலக்கும் ஒரே அறையில் ஒருசேரப் பதிவாகும்போது இன்னொரு தொல்லை. டோலக்கின் இடப்பக்கக் கனமான அடி மைக்கில் புகுந்து கம்ப்ரஸரைத் தூண்ட, ஒவ்வொரு அடிக்கும் குரல் உள்வாங்கும். எல்ஏ-2ஏயில் ஆர்37 என்ற திருகு ஒன்று உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை. எஃப்எம் ஒலிபரப்பில் மேல்சுரங்கள் கூட்டி அனுப்பப்படுவதால், அவற்றுக்குக் கருவி அதிகம் இசையும்படி வைக்கப்பட்ட ஏற்பாடு அது. அதைத் திருப்பினால் கீழ்ச்சுரங்களுக்குக் கருவி அவ்வளவாக அசையாது. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அந்தத் தொழில்நுட்பத்துக்காக வைத்த திருகு கானாவுக்கும் பயன்படும். மறுவாக்கக் கருவி வாங்குபவர் முகப்பின் சாயலைவிட இந்தத் திருகு உண்மையாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

8. இங்கே எதைச் செய்ய முடியும்

ஒரு வால்வு கம்ப்ரஸரை வடசென்னையிலேயே செய்ய முடியுமா என்று பாகம் பாகமாகக் கேட்டால், முதல் விடை நம்பிக்கை தருகிறது. தகடு வெட்டி வளைத்துப் பெட்டி செய்யப் பட்டறைகள் உண்டு. கண்ட்ரோல் பேனலுக்கு ஒயரிங் செய்து பழகியவர்களுக்கு, முனையிலிருந்து முனைக்குக் கம்பி இழுத்துச் சால்டர் வைக்கும் பழைய முறை புதிதல்ல. மின்தடை, கண்டன்சர், வால்வு சாக்கெட் ஆகியவற்றுக்கு ரிச்சி தெருவிலிருந்து தொடங்கலாம். ஒலியின் கனத்தைப் பெரிதும் நிர்ணயிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான் நடுப்பாகம். துறைமுகமும் ஆலைகளும் ஓடுவதற்காக மோட்டார் காயில் கட்டியே பிழைத்த கைகள் இப்பகுதியில் தலைமுறைகளாக இருக்கின்றன. ஒலி டிரான்ஸ்ஃபார்மர் அதைவிட நுணுக்கமானது. மெல்லிய எனாமல் கம்பி, அடுக்கடுக்காக மாற்றிச் சுற்றும் முறை, நிக்கல் கலந்த ஸ்டாம்பிங் தகடு ஆகியவற்றை அவர்கள் புதிதாகப் பழக வேண்டும். ஆனால் சுற்றுக் கணக்கு, காப்புத்தாள், வார்னிஷ், சூடு பற்றிய அறிவு ஏற்கெனவே அவர்கள் விரலில் இருக்கிறது.

வால்வும் ஒளிக்கூடும் இங்கே இல்லை. வால்வு ஆலை என்பது கண்ணாடி, வெற்றிடம், அரிய உலோகப்பூச்சு ஆகியவை சேர்ந்த பெருமுதலீடு. அதைக் கனவு காண்பது இப்போதைக்கு வீண். எனவே 6386ஐ நம்பிய ஃபேர்சைல்ட் நகலைவிட, பொதுவான வால்வுகளில் இயங்கும் எல்ஏ-2ஏ வழியே இந்த ஊருக்கு ஏற்றது.

தொடங்க வேண்டிய இடம் முழுக்கருவி அல்ல, அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். 1957இல் அச்சுகள் வந்து சேர்ந்ததுபோல, காயில் கட்டும் ஒரு பட்டறைக்கு ஒரு நல்ல மாதிரியும், நிக்கல் ஸ்டாம்பிங்கும், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளக்கும் கருவியும் போய்ச் சேர வேண்டும். பலமுறை சுற்றி, அளந்து, பிரித்து, மறுபடி சுற்றிய பிறகே அந்தப் பட்டறையின் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு கானாப் பாடகரின் குரலில் சோதிக்கலாம். ஒளிக்கூட்டை வெளியிலிருந்து வாங்கி, ஈரம் புகாத உறைக்குள் வைத்து, மழைக்காலம் ஒன்றைக் கடக்கவிட்டு, தணிப்பின் அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முகப்பில் பெயர் எழுதும் வேலை.